குற்றாலக் காடு சொல்லித் தரும் நாற்காலி வேலை

குற்றாலம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன?

அருவி! எண்ணெய்க் குளியல்! முகத்தில் தூவும் சாரல்!

குளித்து முடித்ததும் பஸ் ஏறிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் நின்று சுற்றிலும் பாருங்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடந்து கொண்டிருக்கிறது.

ஆலமரம் தன் கிளைக்குத் தானே விழுது என்னும் தூணை இறக்குகிறது. மூங்கில் காற்றில் தரையைத் தொடும் அளவுக்கு வளைகிறது, ஒடியவில்லை. பனை ஓலை விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக நிற்கிறது. மழை அடித்தாலும் துவளவில்லை.

நாற்காலி செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய வாத்தியார் யார்?

"இதென்ன வேடிக்கை! காட்டைப் பார்த்து நாற்காலி செய்வதா?" என்று கேட்கிறீர்களா?

வேடிக்கை அல்ல. உலகத்தில் பேர் போன சில நாற்காலிகளுக்கு எறும்பு என்றும், பட்டாம்பூச்சி என்றும்தான் பெயர்! அவை தேக்கால் செய்தவை அல்ல. ஈட்டியால் செய்தவையும் அல்ல. சாதாரண ஒட்டுப்பலகையால் செய்தவை. அதாவது, நாம் 'பிளைவுட்' என்று சொல்கிறோமே, அதுதான்.

அந்தக் கதையை இன்று பார்ப்போம். அதோடு, தென்காசிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் கூடினால், அதே வேலையைத் தாங்களும் எப்படிச் செய்யலாம் என்பதையும் பார்ப்போம்.

இது நமக்குப் புதிது அல்ல

இயற்கையைப் பார்த்துச் செய்வது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம்.

குற்றாலநாதர் கோவில் எந்த வடிவில் அமைந்தது? சங்கு வடிவில்! அந்தக் கோவிலின் தல மரம் எது? குறும்பலா! பலா மரம் வீணைக்கு உகந்த மரம் என்பதும் நமக்குத் தெரியும்.

தென்காசிக்கு வாருங்கள். 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோவில் இருக்கிறது. நம் நாட்டுக் கோவில்களில் தூணின் தலையை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? அங்கே போதிகையில் பூமொட்டு ஒன்று தலைகீழாகத் தொங்கும். கல்லிலே பூ! தச்சரும் சிற்பியும் தோட்டத்தைப் பார்த்துத்தான் தொழில் கற்றார்கள்.

ஆனால் அவர்களுக்குக் கிடைத்த மரம் நமக்குக் கிடைக்கவில்லை. வைரம் பாய்ந்த தேக்கு வாங்கி, பிள்ளைக்கு ஒரு படிப்பு மேசை செய்ய எத்தனை குடும்பத்தால் முடியும்? மேற்குத் தொடர்ச்சி மலையில் மரம் வெட்டவும் கூடாது. 2012-ல் அந்த மலையை உலகப் பாரம்பரியச் சொத்து என்று ஐ.நா.வின் யுனெஸ்கோ அறிவித்தது. குற்றாலத்து அருவிகள் வற்றாமல் இருக்க வேண்டுமானால், மேலே காடு இருக்க வேண்டும். மரத்தை வெட்டினால் நாற்காலி கிடைக்கும், அருவி போய்விடும்!

அப்படியானால் வழி என்ன? பிள்ளை தரையில் குப்புறப் படுத்தே எழுத வேண்டியதுதானா?

இங்கேதான் ஒட்டுப்பலகை கை கொடுக்கிறது.

பாயை விரிப்பது போல...

ஒட்டுப்பலகையை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா?

மரத்துண்டை நனைத்துப் பதமாக்கி, ஒரு சுழலும் இயந்திரத்தில் மாட்டுகிறார்கள். மரம் சுற்றுகிறது. நீளமான கத்தி ஒன்று அதன் மேல் பதிகிறது. சுருட்டி வைத்த பாயை விரித்தால் எப்படி வருமோ, அப்படி அந்த மரத்திலிருந்து மெல்லிய தகடு உரிந்து கொண்டே வருகிறது.

அந்தத் தகடுகளை வெட்டி, உலர்த்தி, பசை தடவி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். சூடும் அழுத்தமும் கொடுக்கிறார்கள். பலகை தயார்!

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

மரத்துக்கு ரேகை உண்டு. ரேகை ஓடும் திசையில் மரம் பலசாலி. குறுக்கே அது நோஞ்சான். விறகு பிளக்கிறவரைக் கேளுங்கள். ரேகை வழியே கோடரி போட்டால் ஒரே அடியில் பிளக்கும் என்பார்.

ஒட்டுப்பலகையில் ஒரு தகட்டின் ரேகை நெடுக்காக ஓடினால், அடுத்ததன் ரேகை குறுக்காக ஓடும். பாயில் கோரையும் நூலும் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்துக் கொள்கின்றனவே, அதுபோல! ஒருவன் இளைத்த இடத்தில் அடுத்தவன் தாங்குகிறான்.

அடுக்குகள் பெரும்பாலும் 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் இருக்கும். ஏன்? நடுவில் ஓர் அடுக்கு. அதற்கு இரு பக்கமும் சரிசமமான அடுக்குகள். இருபுறமும் இழுப்பு சமமாக இருந்தால் பலகை நெளியாது. இரண்டே தகடுகளை ஒட்டிப் பாருங்கள். வெயிலில் காயப் போட்ட அப்பளம் போல வளைந்து கொள்ளும்!

இந்த உபாயம் மிகப் பழையது. எகிப்து தேசத்தில், ஜோசர் மன்னனின் படிக்கட்டுப் பிரமிடில், சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முந்திய சவப்பெட்டி ஒன்று கிடைத்தது. மெல்லிய மரத் தகடுகளை ரேகை மாற்றி மாற்றி அடுக்கிச் செய்தது அது!

"ஒட்டின பலகை பாரம் தாங்குமா?" என்று சந்தேகமா?

இரண்டாம் உலக யுத்தத்தில் 'மாஸ்கிட்டோ' (கொசு) என்ற பிரிட்டிஷ் விமானம் பறந்தது. 1940-ல் முதன்முதல் வானில் ஏறிய அந்த விமானத்தின் உடல், ஒட்டுப்பலகையும் பால்சா என்ற லேசான மரமும் சேர்ந்தது. விமானத்தையே தாங்கிய பலகை, உங்களைத் தாங்காதா?

சைக்கிள் பம்பில் பிறந்த வித்தை

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓர் இளந்தம்பதி இருந்தார்கள். கணவர் சார்லஸ் ஈம்ஸ். மனைவி ரே ஈம்ஸ். 1941-ல் அவர்கள் குடியிருந்தது ஒரு வாடகை வீடு.

ஒட்டுப்பலகையை உடம்புக்குத் தக்கபடி வளைக்க வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. பெரிய ஆலை இல்லை. பணமும் இல்லை. வீட்டுக்குள்ளேயே ஓர் இயந்திரம் கட்டினார்கள். உள்ளே சாந்தினால் ஆன அச்சு. அதன் மேல் பசை தடவிய தகடுகள். அவற்றை அச்சோடு அழுத்த ஒரு ரப்பர் பை. அந்தப் பைக்குக் காற்று அடித்தது எதைக் கொண்டு தெரியுமா?

சைக்கிள் பம்பு!

அடுத்த ஆண்டே அந்த வித்தைக்கு வேலை வந்தது. யுத்தத்தில் கால் முறிந்த வீரர்களுக்கு உலோகக் கட்டை வைத்துக் கட்டினார்கள். தூக்கிச் செல்லும்போது அது அதிர்ந்து காயத்தை அதிகமாக்கியது. ஈம்ஸ் தம்பதி, காலின் வளைவுக்கு ஏற்றபடி ஒட்டுப்பலகையில் கட்டை செய்து கொடுத்தார்கள். அமெரிக்கக் கடற்படை அதை ஏற்றது. யுத்தம் முடிவதற்குள் சுமார் 1½ லட்சம் கட்டைகள் போயின.

யுத்தம் முடிந்ததும் அதே வித்தை நாற்காலியாக மாறியது. 1945-ல் பிள்ளைகளுக்காக ஒட்டுப்பலகையில் ஒரு யானைகூடச் செய்தார்கள்! காதும் தும்பிக்கையும் பலகையை வளைத்தே வந்தவை.

இந்தத் தம்பதிக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. இந்திய அரசாங்கம் அழைத்து அவர்கள் இங்கே வந்தார்கள். ஊர் ஊராகச் சுற்றினார்கள். 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் வியந்து புகழ்ந்த பொருள் எது? நம் வீட்டுச் செம்பு! இடுப்பில் வைத்தாலும், தலையில் வைத்தாலும், சாய்த்து ஊற்றினாலும் அதன் வடிவம் எவ்வளவு பொருத்தம் என்று எழுதினார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

எறும்புக்கு இடுப்பு ஏன் சிறுத்தது?

டென்மார்க் நாட்டில் ஆர்னே யாகோப்சன் என்று ஒரு கட்டடக் கலைஞர். 1952-ல் ஒரு மருந்துக் கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்துக்காக அவர் ஒரு நாற்காலி செய்தார். முதுகும் இருக்கையும் ஒரே பலகை. நடுவில் இடுப்பு சிறுத்திருக்கும். மெல்லிய மூன்று கால்கள். பார்த்தவர்கள் எறும்பு போல இருக்கிறது என்றார்கள். 'எறும்பு நாற்காலி' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அழகுக்காகவா இடுப்பைச் சிறுக்க வைத்தார்? இல்லை!

ஒரு காகிதத்தை எடுங்கள். ஒரு பக்கமாக வளையுங்கள். அழகாக வளையும். இப்போது அதையே கிண்ணம் போலக் குழிக்கப் பாருங்கள். கசங்கிவிடும். பலகையும் அப்படித்தான். ஒரு திசையில் வளையும். ஒரே இடத்தில் இரண்டு திசையில் வளைத்தால் வெடிக்கும். இருக்கையும் முதுகும் சேரும் வளைவில்தான் இந்த ஆபத்து. வெடிக்கிற இடத்தில் பலகையே இல்லாமல் செய்துவிட்டால்? இரு பக்கமும் அரிந்து எடுத்துவிட்டார்! தொல்லை தீர்ந்தது. எறும்பும் பிறந்தது.

ஆனால் மூன்று கால் நாற்காலியில் ஓரமாகச் சாய்ந்தால் கவிழும் பயம் உண்டு. 1971-ல் யாகோப்சன் காலமான பிறகு, நாலு கால் எறும்பும் விற்பனைக்கு வந்தது.

ஜப்பானில் சோரி யானகி என்பவர் 1954-ல் ஒரு முக்காலி செய்தார். ஒரே மாதிரி வளைத்த இரண்டு பலகைகள். இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து முடுக்கினார். சிறகு விரித்த பட்டாம்பூச்சி! இரண்டும் ஒரே வடிவம் என்பதால் அச்சு ஒன்றே போதும். 1957-ல் இத்தாலியில் மிலான் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பரிசு கிடைத்தது.

பின்லாந்து தேசத்தில் ஆல்வார் ஆல்டோ என்பவர், காச நோய் ஆஸ்பத்திரி ஒன்றுக்காக 1932-ஐ ஒட்டி ஒரு சாய்வு நாற்காலி செய்தார். நோயாளி உட்கார்ந்தால் மூச்சு விட வசதியாக இருக்கும்படி அதன் சாய்வை அமைத்தார். ஒட்டுப்பலகைதான். அவர் நாட்டுக் காட்டில் நிறைய வளரும் பிர்ச் மரம்தான்.

மூன்று தேசங்கள். மூன்று பேர். கிடைத்த சாமான் எளியது. அதன் குணத்தை அறிந்து வேலை வாங்கியதுதான் கெட்டிக்காரத்தனம்.

புதுச்சேரியில் ஒரு பட்டறை

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு.

ஜார்ஜ் நகாஷிமா என்பவர் ஜப்பானிய வம்சத்தைச் சேர்ந்த அமெரிக்கர். 1937-ல் புதுச்சேரி வந்தார். அரவிந்தர் ஆசிரமத்தில் 'கோல்கொண்டா' என்ற தங்குமிடம் கட்டும் வேலையில் சேர்ந்தார். ஆசிரமத்தில் இருந்தவர்களே அந்த வேலையில் கை கொடுத்தார்கள். தொழில் தெரியாதவர்கள் வேலை செய்து கொண்டே தொழில் கற்றார்கள். அந்த அறைகளுக்கு வேண்டிய தேக்கு மரச் சாமான்களுக்கு நகாஷிமாவே வடிவம் கொடுத்தார்.

பிறகு அவர் அமெரிக்கா திரும்பினார். யுத்தம் வந்தது. ஜப்பானிய வம்சம் என்ற ஒரே காரணத்துக்காக, 1942-ல் அவரைக் குடும்பத்தோடு முகாமில் அடைத்தார்கள். அங்கே ஜப்பானிய வம்சத் தச்சர் ஒருவர் இருந்தார். படித்த கட்டடக் கலைஞரான நகாஷிமா, அந்தத் தச்சரிடம் சிஷ்யராகச் சேர்ந்தார். உளி பிடிப்பதிலிருந்து கற்றார். வெளியே வந்தபின் உலகப் புகழ் பெற்ற மரக் கலைஞர் ஆனார். 1964-ல் மறுபடி இந்தியா வந்து, ஆமதாபாத் நிறுவனத்துக்காகச் சாமான்களுக்கு வடிவம் கொடுத்தார்.

படித்தவன் படம் போடுவான். ஆசாரி மரத்தின் மனசைச் சொல்வார். இருவரும் சேர்ந்தால்தான் நாற்காலி நிற்கும். நகாஷிமாவின் வாழ்க்கை காட்டும் பாடம் இது.

உருவம் வேறு, உபாயம் வேறு

இனி நம் பிள்ளைகளின் வேலைக்கு வருவோம்.

இயற்கையைப் பார்த்துச் செய்வதில் இரண்டு வகை உண்டு. மீன் போல வெட்டி மேசை செய்தால், அது உருவத்தைப் பார்த்துச் செய்தது. கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். மீன் எப்படித் தண்ணீரைக் கிழித்துப் போகிறது என்று பார்த்துப் படகு செய்தால், அது உபாயத்தைக் கற்றது. இரண்டாவதுதான் உயர்ந்தது.

இங்கிலாந்தில் ஜோசப் பாக்ஸ்டன் என்று ஒரு தோட்டக்காரர். அமேசான் நாட்டுப் பெரிய அல்லி ஒன்றை அவர் வளர்த்தார். 1849-ல் அதன் இலை மேல் தன் சின்ன மகளையே நிற்க வைத்தார். இலை அமிழவில்லை! ஏன் என்று திருப்பிப் பார்த்தார். அடியில் கம்பி கம்பியாக நரம்புகள். அவற்றை இணைக்கும் குறுக்கு நரம்புகள். அந்த உபாயத்தை அவர் கண்ணாடிக் கூரைக்குக் கொண்டு போனார். 1851-ல் லண்டனில் எழுந்த பிரமாண்டமான கண்ணாடி மாளிகை அவர் கட்டியதே. பெங்களூர் லால்பாக்கில் இருக்கிறதே கண்ணாடி வீடு, அது அதைப் பார்த்து எழுந்தது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு புத்தகங்களை இடைவெளி விட்டு வையுங்கள். மேலே ஒரு காகிதத்தைப் பாலம் போல வையுங்கள். ஒரு தம்ளரை வைத்தால் பாலம் விழும். அதே காகிதத்தைப் பனை ஓலை போல மடிப்பு மடிப்பாக மடித்து வையுங்கள். இப்போது தம்ளர் நிற்கும்! சாமான் அதேதான். வடிவம்தான் பலம்.

காட்டில் நான்கு பாடங்கள்

தென்காசிப் பிள்ளைகளுக்குப் பாடம் தேடிப் போக வேண்டியதில்லை.

ஐந்தருவியைப் பாருங்கள். ஒரே தண்ணீர் பாறையில் பிரிந்து ஐந்தாக விழுகிறது. ஒரு பாரத்தைப் பல வழியாகப் பிரித்து இறக்கினால் ஒவ்வொரு வழிக்கும் சுமை குறையும். புத்தக அலமாரிக்கு ஏற்ற பாடம்.

ஆலமரம் அடுத்தது. நீண்ட கிளையின் நடுவில் விழுது இறங்குகிறது. நீளமான பெஞ்சு நடுவில்தான் தொய்யும். அங்கே ஒரு தாங்கல் கொடு என்று ஆலமரம் சொல்கிறது.

வாழை மட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே அறை அறையாக இருக்கும். லேசும் உண்டு, பலமும் உண்டு. குறுக்கும் நெடுக்குமாகப் பலகைகளைக் கோத்தால் அதே மாதிரி அறைகள் வரும். மேசைக்கு அடியில் அதைக் கொடுத்தால் மெல்லிய பலகையே போதும்.

நான்காவது பாடம் நம் பாட்டி வீட்டு அடுப்பு! மூன்று கல் வைத்த அடுப்பில் பானை ஆடாது. தரை மேடு பள்ளமாக இருந்தாலும் மூன்று கால் சாமான் ஆடுவதில்லை. ஆனால் எறும்பு நாற்காலியை மறக்கக் கூடாது. கால்களை நன்றாக அகட்டி வைக்க வேண்டும்.

ஐந்து பேர், ஒரு பலகை

ஐந்து பேர் ஒரு குழு. ஒரு குழுவுக்கு ஒரு பலகை. கடையில் முழுப்பலகை 8 அடி நீளம், 4 அடி அகலம். முக்காலிக்கும் சின்ன மேசைக்கும் 12 மில்லிமீட்டர் கனம் தோதானது.

முதல் நாள் யாரும் ரம்பத்தைத் தொடக்கூடாது. நோட்டும் பென்சிலும் எடுத்துக் கொண்டு தோப்புக்குப் போக வேண்டும். பார்த்ததை வரைய வேண்டும். அழகாக வரைய வேண்டாம். எது எதைத் தாங்குகிறது என்று வரைந்தால் போதும்.

இரண்டாம் நாள் அளவெடுப்பு. யாருக்கு நாற்காலி? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கா, தாத்தாவுக்கா? முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்தால், அதுதான் இருக்கையின் உயரம். பாதம் தரையில் முழுக்கப் படிய வேண்டும். உட்கார்ந்தபடி கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடித்தால், அந்த உயரம்தான் எழுதும் மேசையின் உயரம். இந்த அளவு தப்பினால் வருஷக் கணக்கில் முதுகு வலிக்கும். அதனால் இது விளையாட்டுக் காரியம் அல்ல.

மூன்றாம் நாள் அட்டை மாதிரி. இங்கே ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக் கொள்ளுங்கள். 8 அங்குலம் நீளம், 4 அங்குலம் அகலமுள்ள அட்டைதான் உங்கள் பலகை! அட்டையின் கனம் 1 மில்லிமீட்டர் இருந்தால், அது 12 மில்லிமீட்டர் பலகைக்குச் சரி. கத்தரித்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பாருங்கள். அட்டையில் ஆடினால் பலகையிலும் ஆடும். அட்டை வீணானால் காசு போகாது. பலகை வீணானால் போகும்.

இந்த நாளில்தான் சண்டை வரும்! "என் படம்தான் நல்லது" என்பான் ஒருவன். "உன் கால் நிற்காது" என்பாள் ஒருத்தி. வாத்தியார் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டு மாதிரியையும் மேசை மேல் வைத்து, ஒரே புத்தகத்தை ஏற்றுங்கள். எது நிற்கிறதோ அது ஜெயித்தது. தோற்றவனுக்குக் கோபம் வராது. ஏனென்றால் தீர்ப்பு சொன்னது புத்தகம்! ஜெயித்த மாதிரியில் தோற்றவனுடைய நல்ல யோசனை ஒன்றையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். ஐந்து பேர் வேலை என்பது அதுதான்.

நான்காம் நாள் ஆசாரியை அழைத்து வாருங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மரக்கடையும் மரம் அறுக்கும் பட்டறையும் உண்டு. மரம் தெரிந்த கைகளுக்குப் பஞ்சம் இல்லை. ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும், ரம்பத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவர் காட்டட்டும். மின்சார ரம்பத்தைப் பெரியவர்களே இயக்க வேண்டும். தூள் கண்ணிலும் மூக்கிலும் போகாமல் கண்ணாடியும் துணியும் கட்டாயம்.

ஆணி இல்லாமல் கோக்கும் முறை பிள்ளைகளுக்கு ஏற்றது. ஒரு பலகையில் மேலிருந்து பாதி வரை காடி வெட்டுங்கள். மற்றதில் கீழிருந்து பாதி வரை காடி வெட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்றை இறக்கினால் பிடித்துக் கொள்ளும். இதில் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. '12' என்று கடையில் சொன்ன பலகை சரியாக 12 இருக்காது. கொஞ்சம் முன்பின் இருக்கும். காடி அகலமானால் லொட லொட என்று ஆடும். குறுகினால் இறங்காது. ஆகவே முதலில் பலகையை அளந்து, வேண்டாத துண்டில் காடி வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் நல்ல பலகையில் கை வைக்க வேண்டும்.

வளைக்கும் வித்தை

வளைத்தே ஆக வேண்டும் என்று ஆசையா? அதற்கும் வழி உண்டு.

ஒரு நோட்டுப் புத்தகத்தை வளையுங்கள். ஓரத்தில் தாள்கள் ஒன்றன் மேல் ஒன்று நழுவி, படிக்கட்டு போல நிற்கும். வளைத்த நிலையிலேயே ஓரத்தை இறுக்கிப் பிடித்தால்? தாள்கள் நழுவ முடியாது. வளைவு அப்படியே நிற்கும்!

மெல்லிய ஒட்டுப்பலகைகள் மூன்று நான்கை எடுத்துப் பசை தடவி, மர அச்சின் மேல் வளைத்து, சுற்றிலும் கிளாம்பு போட்டு, இரவு முழுக்க விட வேண்டும். பசைதான் தாள்களைப் பிடிக்கும் கை. காலையில் கிளாம்பை எடுத்தால் வளைவு கொஞ்சம் விரியும். அதனால் அச்சை வேண்டியதைவிடச் சற்று அதிகமாக வளைத்துச் செய்ய வேண்டும். முதல் தடவை தப்பும். பரவாயில்லை, தப்பின துண்டு முன்னால் இருந்தால்தான் அடுத்த அச்சு சரியாக வரும்.

சாரலை மறக்காதீர்கள்!

நம் ஊருக்கு என்று ஒரு விஷயம் இருக்கிறது. சாரல்!

ஆனியிலும் ஆடியிலும் வீட்டுக்குள் துணி காயாது. அந்த ஈரம் பலகைக்குள்ளும் போகும். மட்டமான பசை போட்ட பலகை, ஊறிய பழைய புத்தகம் போல அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். காசு கொடுத்தவர் வயிறு எரியும்.

ஆகவே கடையில் பார்த்து வாங்குங்கள். பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 'ஐ.எஸ். 303' என்ற எண் இருந்தால் அது பொது உபயோகப் பலகை. அதில் இரண்டு ரகம். 'எம்.ஆர்.' என்று போட்டது ஈரக் காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. 'பி.டபிள்யூ.ஆர்.' என்று போட்டது கொதிநீருக்கே ஈடு கொடுக்கும். குற்றாலத்துக்கு அதுதான் தகுந்தது. 'ஐ.எஸ். 710' என்பது கப்பல் வேலைக்கான பலகை. அதன் பசையை 72 மணி நேரம் தண்ணீரில் வேகவைத்துச் சோதிப்பார்கள். படிப்பு மேசைக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

வெட்டின ஓரங்கள்தான் தண்ணீர் நுழையும் வாசல். ஓரத்தை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, வார்னிஷை இரண்டு மூன்று தடவை பூசினால் வாசல் அடைபடும். கால்களின் அடிப்பக்கத்தை மறந்து விடாதீர்கள். ஈரத் தரையைத் தொடுவது அதுதான்.

கடைசியில் சோதனை. பிள்ளையை உட்கார வைத்துச் சோதிக்கக் கூடாது! அரிசி மூட்டையை வையுங்கள். உட்காரப் போகிறவரைப் போல இரண்டு பங்கு எடை ஏற்றுங்கள். இரவு முழுக்க விடுங்கள். காலையில் காடி விரிந்திருக்கிறதா, பலகை தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேறினால் முதலில் உட்கார வேண்டியவர், தலைமை ஆசிரியர்!

மலைக்கு அப்பால்... வயலுக்கு உள்ளே...

"ஒட்டுப்பலகைக்கும் மரம்தானே வேண்டும்? காடு அழியாதா?" என்று கேட்பது நியாயம்.

வடகிழக்கு மாநிலங்களில் ஒரு காலத்தில் காட்டு மரங்களை வெட்டித்தான் பலகை செய்தார்கள். 1996 டிசம்பர் 12-ல் சுப்ரீம் கோர்ட்டு போட்ட உத்தரவு அதற்குக் கடிவாளம் போட்டது.

தென்காசிக்கு மேற்கே மலையைத் தாண்டினால் கேரளத்தின் ரப்பர்த் தோட்டங்கள். பால் வற்றிய ரப்பர் மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். முன்பு விறகாகப் போன அந்த மரம் பலகையாகிறது. எர்ணாகுளம் மாவட்டத்துப் பெரும்பாவூர் இந்தத் தொழிலில் பேர் போன ஊர். நம் பக்கத்திலும் விவசாயிகள் மலைவேம்பு நட்டு, ஒட்டுப்பலகை ஆலைக்குக் கொடுக்கிறார்கள். வயலில் விளைந்த மரம் பலகை ஆனால், மலையில் வளர்ந்த மரம் பிழைக்கும்.

ஒரு பலகையில் எத்தனை துண்டு எடுக்கலாம் என்று பிள்ளைகள் அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறார்களே, அதுவும் காட்டைக் காப்பதுதான். மிச்சத் துண்டில் பலகைப் பம்பரமோ, புத்தகத் தாங்கியோ செய்யலாம். எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது.

கை கற்றது மறக்காது

ஒரு முக்காலியின் விலை என்ன? கடையில் கேட்டால் சொல்வார்கள்.

தன் கையால் அளந்து, தன் கையால் கோத்த முக்காலியில் ஒரு சிறுமி தன் பாட்டியை உட்கார வைக்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். "ஆடுதாம்மா?" என்று பாட்டி கேட்கிறார். "ஆடாது ஆச்சி! ரெண்டு மூட்டை அரிசி வெச்சுப் பாத்தாச்சு!" என்கிறாள் பேத்தி.

அதற்கு விலை உண்டா?

இன்னொன்றும் உண்டு. அவளுக்கு உளி பிடிக்கக் கற்றுக் கொடுத்த ஆசாரியை, இனி அவள் வெறும் கூலிக்காரராகப் பார்க்க மாட்டாள். குரு என்று பார்ப்பாள். அவர் பிள்ளையும் அதே வகுப்பில் இருந்தால், அன்று அவன் தலை நிமிர்ந்து நடப்பான்.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகிறீர்களா? பிள்ளைகளை அழைத்துப் போங்கள். குளிக்கட்டும், கூத்தாடட்டும். திரும்பும்போது உதிர்ந்து கிடக்கும் ஒரு பனை ஓலையை எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள்.

"இது ஏன் மடிப்பு மடிப்பாக இருக்கிறது?" என்று கேளுங்கள்.

பதில் வீட்டு மேசைக்கு அடியில் வந்து சேரும்!